பாலாற்று மணலில் ஊற்று தோண்டும் விளையாட்டு

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். இதில் கடைசியாகச் சொன்னது 1981இல் மாறிவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அந்த ஆண்டு லிங்கம் திரும்பி வந்தது. பாலாறு மட்டும் வருஷத்தில் பெரும்பாலான நாள் இன்னமும் மணலாகத்தான் கிடக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் மரத்தைவிடப் பாறைதான் அதிகம். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

இப்படி ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, மனசுக்கு இதமான, இயற்கையோடு சேர்ந்த வீடியோ கேம் ஒன்றைத் தனி ஆளாகச் செய்ய முடியுமா? காட்பாடியில் இருந்துகொண்டு, வேலை போக மிச்ச நேரத்தில் அப்படியொன்றைச் செய்துவருகிறேன். அந்த வேலைக்குள் இருந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இதம் என்பது பச்சைப்பசேல் என்று படம் வரைவதால் வருவதில்லை, விளையாட்டின் விதிகளால் வருகிறது. அந்த விதிகளைத் தனக்கு நன்றாகத் தெரிந்த நிலத்தில் இருந்தே எடுத்தால், தனி ஆளால் தாங்க முடியாத வேலைச் சுமையில் பாதி குறைந்துவிடுகிறது.

இந்த வகை கேம்களுக்கு உலகம் முழுக்கப் பெரிய கூட்டம் இருக்கிறது. 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய அதே நாட்களில், நிண்டெண்டோவின் அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் வெளியானது. தீவில் மரம் நடுவது, மீன் பிடிப்பது, பக்கத்து வீட்டு விலங்குகளோடு பேசுவது, இவ்வளவுதான் அதில் வேலை. கோடிக்கணக்கானவர்கள் ஆடினார்கள். அதற்கு 4 ஆண்டுகள் முன்பே, 2016 பிப்ரவரியில், ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேம் வந்திருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து எரிக் பரோன் என்ற இளைஞர் நிரல், படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்தார். சுமார் நாலரை ஆண்டு ஆனது. அந்த நாட்களில் செலவுக்காக ஒரு தியேட்டரில் பகுதி நேர வேலையும் பார்த்தார். 2024 முடிவதற்குள் அந்த கேம் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது.

தனியாக கேம் செய்ய ஆசைப்படும் எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நாம் பார்த்துப் படிக்க வேண்டிய கேம் வேறொன்று என்று நினைக்கிறேன். ஆடம் ராபின்சன்-யூ என்ற கனடாக்காரர் 2019இல் வெளியிட்ட எ ஷார்ட் ஹைக். கிளேர் என்ற சின்னப் பறவை ஒரு தீவில் இருக்கிறது. முக்கியமான போன் அழைப்பு ஒன்றுக்குக் காத்திருக்கிறது. மலை உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் ஏறிப் போகிறது. வழியில் யாரோடு பேசினாலும் சரி, மீன் பிடித்தாலும் சரி, நேராக உச்சிக்கே போனாலும் சரி. ஒரே தீவு, ஒரே மலை, சில மணி நேர ஆட்டம். நாலரை ஆண்டு இல்லை, சில மாதங்களில் உருவானது. 2020இல், பெரிய நிறுவனங்களைச் சாராத சுதந்திரக் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரிய பரிசை அதுதான் வாங்கியது. படத்தின் நுணுக்கத்தை வேண்டுமென்றே குறைத்து, பெரிய பெரிய புள்ளிகளாகத் தெரியும்படி விட்டிருப்பார். அதற்கென்று ஓர் அழகு உண்டு. அதோடு, இலைக்கு இலை வரைந்துகொண்டிருக்கும் வேலையும் மிச்சம்.

சரி, இதம் எங்கிருந்து வருகிறது? ஸ்டார்டியூ வேலியையே எடுத்துக்கொள்வோம். வயலும் மழையும் ஆறும் கொண்ட அந்த கேமுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேமின் 10 நிமிடம் நம்முடைய சுமார் 7 விநாடி. காலை 6 மணிக்கு எழுந்து இரவு 2 மணிக்குள் படுத்தாக வேண்டும். ஒரு நாள் கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் கேரட்டுக்குத் தண்ணீர் ஊற்றும்போதே, கடை மூடிவிடுமே என்று மனசு பதறும். அது நல்ல விளையாட்டு, ஆனால் அதில் ஓட்டம் இருக்கிறது. இன்னொரு பக்கம் ஆஸ்கர் ஸ்டால்பெர்க் செய்த டவுன்ஸ்கேப்பர். கடலில் தொட்ட இடத்தில் வீடு முளைக்கும். இலக்கு கிடையாது, மதிப்பெண் கிடையாது, தோல்வியும் கிடையாது. அதில் வயலும் இல்லை, காடும் இல்லை. வெறும் கல் வீடுகள்தான். ஆனாலும் ஆடி முடித்தபின் மனசு லேசாகிறது.

இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்ற தம்பதி 1980களில் முன்வைத்தது. பரீட்சைக்குப் படிப்பது, கணக்கு பார்ப்பது போன்ற வேலைகளில் கவனத்தை வலிந்து பிடித்து வைத்திருக்கிறோம். அந்தப் பிடி களைத்துப்போகும். மேகம், அலை, அசையும் இலை இவற்றைப் பார்க்கும்போது கவனம் தானாகப் போய் அமர்கிறது. வேறு ஏதாவது நினைக்கவும் அதில் இடம் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் களைத்த கவனம் மீள்கிறது. 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு இன்னும் பிரபலம். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலுவான வலி மருந்தும் குறைவு. கேமுக்குள் தெரியும் மரம் ஜன்னலில் தெரியும் மரத்துக்கு ஈடு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் திரையில் எதை அசையவிட வேண்டும், எவ்வளவு வேகத்தில் அசையவிட வேண்டும் என்று முடிவு செய்ய கப்லன் தம்பதியின் விளக்கம் தினமும் உதவுகிறது. திரையில் மின்னும் எச்சரிக்கைக் குறி ஒன்று வந்தாலே போதும், வலிந்து பிடிக்கும் கவனம் திரும்ப வந்துவிடும்.

உல்ரிச்சின் ஆய்வை வேலூரில் படிப்பது தனி அனுபவம். இது காத்திருப்பவர்களின் ஊர். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கிறது. வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் ஆந்திரத்தில் இருந்தும் வருபவர்கள் நாள்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் இங்கே தங்குகிறார்கள். காந்தி ரோடு பக்கம் போனால் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகைகளும் மீன் சாப்பாட்டுக் கடைகளும் தெரியும். நோயாளிக்குத் துணையாக வந்தவர் வராந்தாவில், லாட்ஜ் படிக்கட்டில், மருந்தக வரிசையில் கையில் போனோடு உட்கார்ந்திருக்கிறார். எ ஷார்ட் ஹைக்கில் கிளேர் காத்திருந்த அழைப்பும் அறுவை சிகிச்சை முடிந்த அம்மாவிடம் இருந்து வருவதுதான். அந்தக் காட்சியை இந்த ஊர்க்காரர் யாரும் சும்மா கடந்துபோக முடியாது.

என் மனசில் இருக்கும் ஆட்டக்காரர் இவர்தான். அவரை நினைத்துக்கொண்டால் வடிவமைப்பில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் உடனே கிடைத்துவிடுகிறது. ஒரு கையில் ஃபைல் இருக்கும், ஆகவே ஒரு விரலால் ஆட முடிய வேண்டும். எந்த நொடியிலும் பெயரைக் கூப்பிடுவார்கள், ஆகவே எப்போது மூடினாலும் அந்த இடத்திலேயே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். சத்தம் வைக்க முடியாத இடம், ஆகவே ஒலி இல்லாமலும் முழுமையாக இருக்க வேண்டும். நெட் சரியாக வராது, ஆகவே இணையமே தேவைப்படக் கூடாது. அவர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம், ஆகவே வார்த்தை குறைவாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, "நேற்று வரவில்லையே, உங்கள் பரிசு போச்சு" என்று சொல்லும் தினசரி வருகைக் கணக்கு அறவே கூடாது. ஏற்கெனவே டோக்கனும் தேதியும் தலைக்கு மேல் நிற்கும் மனிதருக்கு இன்னொரு தேதியைக் கொடுப்பது கொடுமை.

அடுத்து நிலம். இந்த வகை கேம்களில் வெயில் என்றால் சுகம். குளிர் நாட்டுக்காரர்கள் செய்தவை, அவர்களுக்கு வெயிலில் புல்வெளியில் படுப்பதுதான் ஓய்வு. வேலூர்க்காரருக்கு ஓய்வு நிழலில் இருக்கிறது. புங்க மரத்தடி, கோட்டை அகழி ஓரத்து மரத்தடி, ஏரிக்கரைப் புளிய மரத்தடி. ஆகவே என் விளையாட்டில் இருக்கும் ஒரே அளவுகோல் வெயில்தான், அதுவும் எண்ணாகத் திரையில் தெரியாது. திறந்த இடத்தில் நடக்க நடக்க நிறங்கள் வெளிறும், நடை மெதுவாகும், சிள்வண்டுச் சத்தம் கூடும். மரத்தடிக்கு வந்து நின்றால் நிறங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும். முதலில் செம்மண், அப்புறம் இலைப் பச்சை, கடைசியாக வானம். மயங்கி விழுவது, உயிர் போவது எதுவும் கிடையாது. நிழலுக்கு வந்த சுகம் மட்டும் விரலுக்குத் தெரிய வேண்டும். நிரலில் இது கடினமில்லை. ஆளின் தலையில் இருந்து சூரியன் இருக்கும் திசைக்கு ஒரு கோடு விட்டு, நடுவில் கிளை குறுக்கிடுகிறதா என்று விநாடிக்குச் சில முறை பார்த்தால் போதும்.

நடுநாயகமான வேலை ஊற்று தோண்டுவது. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே மணல் காய்ந்து கிடந்தாலும் அடியில் தண்ணீர் ஓடும். கையால் மணலை வாரி வெளியே போட்டுக்கொண்டே போனால் ஓர் ஆழத்தில் மணல் குளிர்ந்து நிறம் கருக்கும். இன்னும் தோண்டினால் அடியில் நீர் கசியும். ஓரம் சரிந்து பள்ளத்தை மூடப் பார்க்கும். அகலமாக வெட்டினால்தான் நிற்கும். இதே அறிவைப் பெரிதாக்கித்தான் ஆற்று மணலில் ஊற்றுக் கால்வாய் வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். மணலை லாரி லாரியாக அள்ளியபின் பல இடங்களில் இப்போது கை ஆழத்தில் தண்ணீர் கிடைப்பதில்லை. அதனாலேயே இது விளையாட்டிலாவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணினிக்கு இதைச் சொல்லும் விதம் இப்படி. மணல் பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரம், ஈரம் என்று இரண்டு எண் வைக்கிறோம். விரல் பட்ட கட்டத்தில் உயரம் குறையும். பக்கத்துக் கட்டத்தோடு வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் மணல் சரிந்து சமனாகும். காய்ந்த மணல் சுமார் 34 டிகிரி சரிவு வரைதான் நிற்கும், ஈர மணல் அதைவிடச் செங்குத்தாக நிற்கும். ஆகவே ஈரத்தைப் பொறுத்து அந்த வரம்பை மாற்றிவிட்டால், மேலே சரசரவென்று சரிந்த மணல், ஈரம் தட்டியதும் தானாக நிற்க ஆரம்பிக்கும். தண்ணீர் நெருங்கிவிட்டது என்று திரையில் எழுதிக் காட்டத் தேவையே இல்லை, கைக்கே தெரியும். பள்ளத்தின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் நீர் ஏறத் தொடங்கும். வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது வேகமாகவும், நிரம்ப நிரம்ப மெதுவாகவும் ஏறும்.

வீடியோ கேமே ஆடியிராத என் பெரியம்மாவிடம் போனைக் கொடுத்து ஆடச் சொன்னேன். மணலைத் தள்ளினார், நீர் வந்தது, திரையில் இருந்த சொம்பைத் தொட்டார், விளையாட்டு ஆள் குடித்தான். "ஏம்பா, மொத தண்ணிய எறச்சி ஊத்தாம அப்பிடியேவா குடிப்பான்? கலங்கலா இருக்காதா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் இருந்து மூன்றாவது எண் வந்தது, கலங்கல். முதலில் ஊறும் நீர் பழுப்பாக இருக்கும். இறைத்துக் கொட்டினால் அடுத்தது கொஞ்சம் தெளியும், அதற்கடுத்தது இன்னும் தெளியும். கடைசியில் அடி மணல் தெரியும்படி நீர் நிற்கும். இறைக்காமல் அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் நடந்துவிட்டு வந்தாலும் மெல்லத் தெளிந்திருக்கும். இப்போது ஆடிப் பார்ப்பவர்கள் அதிக நேரம் நிற்பது இந்த இடத்தில்தான். காத்திருப்பதே வேலையாகவும், அந்தக் காத்திருப்பு வீண்போகாததாகவும் இருக்கிற இடம் அது.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இயற்கைக் கேம்களில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று காட்டிக்கொடுப்பது காற்றுதான். மரங்களை ஒரே தாளத்தில் ஆட்டினால் பொம்மலாட்டம் மாதிரி இருக்கும். முழுக்கக் குலுக்கல் எண்களால் ஆட்டினால் நடுக்கம் வந்த மாதிரி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் கண்டவர் கென் பெர்லின். 1980களின் தொடக்கத்தில் ஒரு ஹாலிவுட் படத்துக்கு வேலை செய்தபோது, கணினிப் படங்கள் அநியாயத்துக்கு வழவழப்பாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒன்றில் இருந்து ஒன்று மெதுவாக மாறும்படி ஒரு குலுக்கல் முறையை உருவாக்கி 1985இல் வெளியிட்டார். 1997இல் அதற்கு ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. பெர்லின் நாய்ஸ் என்று பெயர் பெற்ற அந்த முறை இன்று பெரும்பாலான கேம் இன்ஜின்களில், அதாவது கேம் செய்ய உதவும் மென்பொருள்களில், சுலபமாகக் கிடைக்கிறது. அதை நிலப்பரப்பின் மேல் நகரவிட்டால் காற்று ஏரிக்கரையின் ஒரு முனையில் கிளம்பி மறுமுனைக்கு வருவது கண்ணுக்குத் தெரியும். மிச்சமிருப்பது ஒவ்வொரு மரத்தின் குணம். பனை ஓலை விறைப்பாக இருந்து சட்டென்று சலசலக்கும். வேம்பு முழு உடம்பாக அசையும். அரசிலைக்குக் காம்பு நீளம், மற்ற மரங்கள் சும்மா நிற்கும்போதும் அது துடித்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் வெளிநாட்டு மாதிரி மரங்களை விலைக்கு வாங்கிப் போட்டால் பெற முடியாது. ஒரு மதிய நேரம் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தால் போதும், காசு செலவில்லை.

பறவைக் கூட்டத்துக்கு கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் வெளியிட்ட முறை இன்றும் போதும். ஒவ்வொரு பறவைக்கும் மூன்று விதி: பக்கத்துப் பறவை மேல் மோதாதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. சாயங்காலம் ஏரி மரத்துக்குத் திரும்பும் கொக்குக் கூட்டம் இந்த மூன்றில் இருந்தே வந்துவிடும்.

ஒலிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் காட்டு ஒலிகளில் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பறவைகள் கூவிக்கொண்டிருக்கும். நம் ஆட்டக்காரருக்குப் பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் காது கண்டுபிடித்துவிடும். செம்போத்தின் அடிக்குரல், தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் சச்சரவு, மழை விட்டபின் ஏரியில் தவளைக் கச்சேரி, இவற்றைப் போனிலேயே பதிவு செய்யலாம். காற்று மைக்கில் மோதாமல் ஒரு பஞ்சு உறை போட்டுக்கொண்டால் சரி. அமிர்தி காட்டுப் பக்கம் விடியற்காலை நல்லது. ஏலகிரியின் புங்கனூர் ஏரி என்றால் வார நாளில் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பைக் சத்தமும் படகுத் துறைச் சத்தமும்தான் கிடைக்கும். பருவத்தையும் பார்க்க வேண்டும். குயில் அதிகம் கூவுவது பங்குனி தொடங்கிக் கோடையில். ஐப்பசி அடைமழையில் அதைக் கூவவிட்டால் விளையாட்டின் காலமே குழம்பிவிடும்.

பதிவை அப்படியே திரும்பத் திரும்ப ஓடவிட்டால் சீக்கிரமே காது சலித்துவிடும். ஒன்றையே நீளமாக்குவதைவிட, வெவ்வேறு நீளத்தில் சில பதிவுகளைச் சேர்த்து ஓடவிடுவது நல்லது. காற்று 37 விநாடி, பூச்சி 53 விநாடி, பறவை 71 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் முதல் நொடியில் இருந்தது போலவே மறுபடி ஒன்றுசேர 38 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஒலிக்கோப்பில், ஒருபோதும் திரும்பாதது போல ஒரு காலை கிடைத்துவிடுகிறது.

இப்போது தனி ஆளின் கணக்குக்கு வருவோம். தனியாகச் செய்பவரின் நேரத்தைத் தின்பது மரமும் பறவையும் இல்லை. சேமிப்பு, அமைப்புப் பக்கம், விதவிதமான திரை அளவு, விரல் தவறிப் பட்டால் என்ன ஆகும் என்பது போன்ற, யாரும் பாராட்டாத வேலைகள்தான். அதனால் உலகத்தைச் சிறிதாக வைத்துக்கொள்வது தவிர வேறு வழி கிடையாது. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர்கள். அந்த ஒரு பாதையே ஒரு முழு விளையாட்டுக்குப் போதும். வளைவுக்கு வளைவு காற்று குளிரும், மரம் மாறும், கீழே ஜோலார்பேட்டை ரயில் சின்னதாகும். அல்லது ஓர் ஏரி. மதகு, மிச்ச நீர் வழியும் கலங்கல், கரை, கரை மேல் பனை வரிசை, மழை பெய்தால் ஏரி கோடி போகும் சத்தம். எனக்கு ஏரியும் அதை ஒட்டிய ஆற்று மணலும் போதுமென்று முடிவு செய்திருக்கிறேன்.

"மரமில்லாத மலை" என்பது இங்கே பெரிய உதவி. அடர்ந்த காட்டைத் திரையில் கொண்டுவருவது மிகச் செலவான வேலை. ஆயிரக்கணக்கான இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது போனின் படச் செயலி ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருக்கிறது. வேலூர் மலைகளோ உருண்டைப் பாறைகளை அடுக்கியவை. நாலைந்து பாறை உருவங்களை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் செய்து, திருப்பியும் பெரிதாக்கியும் சாய்த்தும் அடுக்கினால் மலை வந்துவிடும். அது வெறும் சிக்கனத்துக்காகச் செய்ததாகத் தெரியாது, இந்த ஊரின் மலையாகவே தெரியும். போன் சூட்டையும் மறக்கக் கூடாது. வெளியே 40 டிகிரி அடிக்கும்போது போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விநாடிக்கு 60 படம் காட்டுவதை 30 ஆகக் குறைத்தால் சூடு குறையும், பேட்டரியும் நிற்கும். துப்பாக்கிச் சண்டை கேமில் அது குறை. மணலில் நீர் ஊறுவதைப் பார்க்க 30 தாராளம்.

கருவிகளுக்குக் காசு தேவையில்லை. பிளெண்டர், படம் வரையும் கிரிட்டா, ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி மூன்றும் இலவசம். இன்ஜினுக்கு நான் கோடோவைத் தேர்ந்தெடுத்தேன். 2014இல் திறந்த மூலமாக, அதாவது யாரும் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் முடிகிறபடி, வெளிவந்தது, யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில், பலரும் பயன்படுத்தும் இன்னொரு இன்ஜினான யூனிட்டி, நிறுவல் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ தனி ஆட்கள் பாதி முடித்த வேலையோடு தவித்தார்கள்.

கோடோவைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் தமிழ் எழுத்து. "கொ" என்று எழுதும்போது கணினி க-வையும் ஒகரக் குறியையும் வரிசையாகச் சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு தனி மென்பொருள் அடுக்கு தேவை. அது இல்லாத இன்ஜினில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், வாக்கியமே படிக்க முடியாது. யூனிட்டியில் பலகாலம் எல்லோரும் பயன்படுத்திய டெக்ஸ்ட்மெஷ் புரோ என்ற எழுத்துக் கருவியில் இந்தச் சிக்கல் உண்டு. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4, ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நூலகத்தோடு வந்ததால் தமிழ், வங்காளி, இந்தி, தெலுங்கு எல்லாம் சரியாக நிற்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றைக் கூடவே வைத்துவிட்டால் போதும். தமிழ்க் குடும்பத்தை மையமாக வைத்து, கனடாவில் ஒரு சிறு குழு செய்த வெண்பா என்ற சமையல் கேம் 2023இல் வெளியாகி, அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதை வாங்கியது. தமிழ் எழுத்தும் தமிழ் வீடும் கேமுக்குள் இருந்தால் உலகம் ஆடாது என்ற பயம் இனி தேவையில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதமாக இருக்க வேண்டும் என்பதற்காக நிலத்தைப் பொய்யாகக் காட்டக் கூடாது. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு செய்த கேடு நாடறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில்தான், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் அழுத்தமாக நிலைபெற்றது. அதை ஆட்டக்காரருக்குப் பாடமாக எடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஏரிக்குள் சீமைக் கருவேலம் இருக்கும். கரையில் பிளாஸ்டிக் கவர் சிக்கியிருக்கும். அவற்றை எடுத்துப்போடுவதும் விளையாட்டில் ஒரு வேலை, எடுக்காமல் நடந்துபோனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நிரந்தரமாக ஓடும் ஆறு கிடையாது. எப்போதாவது, ஆட்டக்காரர் எதிர்பாராத நாளில், மேற்கே இருந்து புது வெள்ளம் நுரைத்துக்கொண்டு வரும். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். விளையாட்டில் ஊர் முழுக்கப் பாலத்தில் வந்து நிற்கும். அதற்குப் பரிசு எதுவும் கிடையாது, வேடிக்கை பார்ப்பதுதான்.

விற்பனை பற்றிச் சுருக்கமாக. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமை வைக்க 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1000 டாலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். விற்பதில் வழக்கமாக 30 சதவீதம் அவர்களுக்கு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் சின்ன விளையாட்டுக்கு இது உறுத்தலான விதி. அதற்காக ஆட்டத்தை இழுத்து நீட்டினால் இதம் போய்விடும், நீட்டாமல் விலையைக் குறைத்து வைப்பதே சரி என்பது என் எண்ணம். சிறு கேம்களுக்கான இட்ச் தளத்தில் காசில்லாமலே வைக்கலாம், பிடித்தவர்கள் விருப்பப்பட்டதைக் கொடுப்பார்கள். ஆனால் வராந்தாவில் காத்திருப்பவரின் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன், ஆகவே பிளே ஸ்டோருக்குப் போயே தீர வேண்டும். ஒரே முறை 25 டாலர் பதிவுக் கட்டணம். அப்புறம், தனிநபர் கணக்கைப் புதிதாகத் தொடங்குபவர், வெளியிடுவதற்கு முன் குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதனையில் வைத்திருக்க வேண்டும். அந்தப் 12 பேரை கேம் ஆடும் நண்பர்களை வைத்தே நிரப்பிவிடுவது சுலபம். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. பெரியம்மா ஏற்கெனவே ஒருவர். எங்கள் தெரு லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளிக் குடும்பங்களில் சிலரையும், ஆட்டோ ஸ்டாண்டில் மதிய நேரம் சவாரிக்குக் காத்திருக்கும் அண்ணன்களையும் கேட்டிருக்கிறேன்.